எந்தச் சர்வகலாசாலை? செலவும் தரமும் சீர்தூக்கல்

(சேர்வராயன் திருவிழாவையொட்டிக் கோயிலருகே கூடிய நமது சமூக மகாஜனங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சேர்வராயப் பெருமானும் காவேரியம்மனும் குகையினுள் எழுந்தருளியிருக்கும் இந்தச் சந்நிதியில், ஆண்டுக்கொருமுறை நம்மவரெல்லாம் ஒன்று சேரும் இந்நன்னாளில், கல்வி விஷயமாகச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம்.

கல்வி வேண்டுமென்று உங்களுக்கு உபதேசம் செய்ய நான் இங்கே நிற்கவில்லை. நாகலூரானாலும் வெள்ளக்கடையானாலும், செம்மநத்தமானாலும் வேலூரானாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாமென்று வாதிப்பவர் இன்று நம்மில் எவருமிலர். பன்னிரண்டாம் வகுப்புவரை ஏறிவந்த பிள்ளையை அதற்குமேல் எங்கே அனுப்புவது என்பதே இப்பொழுது நம் வீடுகளில் எழுகின்ற கேள்வி. வைகாசி விழாவும் பரீட்சை முடிவும் ஒரே காலத்தில் வருகின்றபடியால், இக்கூட்டத்திலிருக்கும் பலருக்கு அது இந்த வாரத்திலேயே தீர்க்க வேண்டிய கேள்வியாகவும் இருக்கிறது.

இக்கேள்விக்கு நம்மவர் சாதாரணமாகச் சொல்லும் விடைகள் இரண்டு. மலையிலிருந்து இறங்கியதும் எது அருகிலிருக்கிறதோ அதுவே மலிவு, அங்கே சேர்த்துவிடுவோம் என்பது ஒன்று. பணம் வாங்காத இடத்தில் படிப்பு இராது, காப்பித் தோட்டத்தின்மேல் கடன் வாங்கியாவது கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரியில் சேர்ப்போம் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தால் பிறந்தவையே. ஆயினும் இரண்டும் தவறானவை. அரசாங்கத்தின் சர்வகலாசாலைகளுக்குள்ளேயே உயர்வு தாழ்வு உண்டு. செலவிலும் ஏற்றக்குறைவு உண்டு. செலவு குறைந்த இடம் தரத்தில் தாழ்ந்தது என்ற நியதியுமில்லை. பெயர் பெற்ற இடம் எல்லாப் பாடத்திலும் சிறந்தது என்ற நியதியுமில்லை. ஆகவே பிள்ளை சேருவதற்கு ஆகும் செலவைப் பாராமல், படிப்பை முடித்துப் பட்டத்தோடு வெளிவருவதற்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். சர்வகலாசாலையின் பெயரைப் பாராமல், பிள்ளை உட்காரப்போகும் வகுப்பைப் பார்க்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. இதைச் சற்று விரித்துரைக்கிறேன்.

பட்டம் யாருடையது, பாடம் எங்கே?

முதலாவது, சர்வகலாசாலை என்பது இன்னதென்று தெளிந்துகொள்வோம். 1857ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, அது பரீட்சை நடத்திப் பட்டம் அளிக்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. பாடம் சொன்னவை அதனோடு இணைந்த கல்லூரிகளே. 1929ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, மாணாக்கர் அங்கேயே தங்கி அங்கேயே பாடங்கேட்கும் முறையில் அமைந்தது. இவ்விரு முறைகளும் நம் நாட்டில் இன்றுவரை தொடர்ந்து வருகின்றன.

நம் மலையடிவாரத்திலேயே இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. சேலம் அரசு கலைக் கல்லூரியில் பயின்றவர்களுக்கு முன்னாளில் சென்னைச் சர்வகலாசாலை பட்டம் அளித்தது. 1997ஆம் ஆண்டில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின், அதே கல்லூரி அதனோடு இணைக்கப்பட்டது. கட்டடம் அதுவே, ஆசிரியர் அவர்களே, பட்டத்தாளின்மேல் எழுதியிருக்கும் பெயர்மட்டும் மாறியது. பெயர் மாறியதனால் அவ்வாண்டிலே போதனை உயர்ந்துவிடவுமில்லை, தாழ்ந்துவிடவுமில்லை.

ஆகையால், ஒரு பிள்ளை “அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன்” என்று சொன்னால், தகப்பனார் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய, கிண்டியில் இருக்கும் அந்தப் பழைய பொறியியற் கல்லூரியிலா, அல்லது அதனோடு இணைந்துள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகளுள் ஒன்றிலா? 1978ஆம் ஆண்டில் ஏற்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள் வேறு. கருப்பூரில் இருக்கும், 1966ஆம் ஆண்டில் தொடங்கிய சேலம் அரசு பொறியியற் கல்லூரி வேறு. ஊர்தோறும் காணும் சுயநிதிக் கல்லூரிகள் வேறு. பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் என்றே இருக்கலாம். ஆசிரியரும் பரிசோதனைச் சாலையும் செலவும் இடத்துக்கிடம் மாறும்.

கட்டணம் ஒன்று, செலவு வேறு

இனிச் செலவைப் பற்றிப் பேசுவோம். நம்மவர் செலவு என்றால் கட்டணத்தையே எண்ணுகிறார்கள். உண்மையில், அரசாங்கக் கல்லூரிகளைப் பொறுத்தமட்டில், நமக்குக் கட்டணமே மிகச் சிறிய பகுதி. அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 2½ லட்ச ரூபாய்க்கு மேற்படாத பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. அரசாங்கப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பிலும், 2021ஆம் ஆண்டில் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளிலும் நூற்றுக்கு 7½ இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விதம் தொழிற்படிப்புகளில் இடம்பெற்றவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்பதாக 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கின. இவற்றின் விதிகளை ஆண்டுதோறும் நேரில் விசாரித்தறிதல் அவசியம்.

இவ்வளவு சலுகையிருந்தும் நம் பிள்ளைகள் நடுவிலே படிப்பை விட்டுவிட்டு வருவதேன்? கட்டணமல்லாத மற்றைச் செலவுகளால்தான். உணவு, உறைவிடம், போக்குவரத்து, புத்தகம், துணிமணி, கைபேசி என்பன கண்ணுக்குத் தெரிந்த செலவுகள். பிள்ளை தோட்டத்துக்குப் போயிருந்தால் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி கண்ணுக்குத் தெரியாத செலவு. உதவித்தொகை ஆண்டின் நடுவிலோ இறுதியிலோ கைக்கு வருவது வழக்கம். சாப்பாட்டுக்கூடத்துப் பணமோ முதல் மாதத்திலேயே கட்ட வேண்டும். இந்த நான்கைந்து மாத இடைவெளியிலேதான் பல பிள்ளைகளின் படிப்பு முறிந்துபோகிறது.

அருகிலிருப்பதே மலிவு என்னும் கொள்கையை இங்கே சற்று ஆராய்வோம். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பாதையில் கொண்டையூசி வளைவுகள் 20. உட்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து கீழே இறங்கி, நகரத்தில் மறுபடி ஒரு பேருந்து ஏறிக் கல்லூரி சேரும் பிள்ளைக்குப் போகவரப் பொழுதெல்லாம் கழிந்துவிடுகிறது. பயண அட்டை இலவசமாயிருக்கலாம், பொழுது இலவசமன்று. மழைக்காலத்தின் நிலைமையோ உங்களுக்குத் தெரிந்ததே. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோயிற்று. அவ்வாறு வருகை குறைந்து, பரீட்சை தவறி, பாடங்கள் நிலுவையாகிவிட்டால் அருகிலிருந்ததனால் என்ன பிரயோஜனம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளேயன்றி, எந்தக் கல்லூரியின் கணக்கும் அல்ல. ஆண்டுக்குக் கைப்பணம் 15,000 ரூபாயில் அருகிலே படிக்கும் பிள்ளை, தினசரிப் பிரயாணத்தின் களைப்பாலும் நிலுவைப் பாடங்களாலும் மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடிக்கிறான் என்று வையுங்கள். கைப்பணம் 75,000 ரூபாய். கூடுதலாகக் கழிந்த இரண்டாண்டில் சம்பாதித்திருக்கக்கூடிய தொகை ஆண்டுக்கு 1 லட்சம் என்றாலும் 2 லட்சம். ஆக 2¾ லட்சம். தூரத்தில் விடுதியிலிருந்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் செலவு செய்து, குறித்த மூன்றாண்டில் முடிப்பவனுக்கோ 1,20,000 ரூபாயே ஆகிறது. இவ்விருவரில் மலிவாகப் படித்தவன் யார்? மூன்றாமவன் ஒருவன் உண்டு. இரண்டாண்டு படித்து, பட்டமின்றி வீடு திரும்பியவன். அவன் செலவிட்டது குறைவே. ஆனால் அது முழுவதும் வீண். பாதியில் நின்ற படிப்பே எல்லாவற்றிலும் விலையுயர்ந்த படிப்பு.

இதனால் அருகிலுள்ளதை வெறுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சேலத்திலேயே அரசாங்கத்தின் மாணாக்கர் விடுதிகள் உண்டு; ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை விடுதிகள் 2025ஆம் ஆண்டில் சமூகநீதி விடுதிகள் என்று பெயரிடப்பட்டன. அவ்விடுதியில் இடம் கிடைத்துச் சேலத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, அருகும் மலிவும் தரமும் ஒருங்கே அமையக்கூடும். விடுதியில் இடம் உண்டா என்பதைக் கல்லூரியில் இடம் உண்டா என்பதோடு சேர்த்தே விசாரியுங்கள். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அரசாங்கப் பெயரிலும் இருவகைக் கட்டணம்

அரசாங்கச் சர்வகலாசாலை என்ற பெயரைக் கண்டதும் கட்டணம் குறைவென்று நம்பிவிடவும் கூடாது. ஒரே சர்வகலாசாலையில், ஒரே கட்டடத்தில், அரசாங்க உதவியோடு நடக்கும் பாடப்பிரிவும் உண்டு. தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் சுயநிதிப் பாடப்பிரிவும் உண்டு. முன்னதைவிடப் பின்னதற்குக் கட்டணம் பலமடங்காதல் உண்டு.

இதற்குச் சிதம்பரத்து வரலாறு பெரியதோர் எச்சரிக்கை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மருத்துவ மாணாக்கரிடம் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கப்பட்டு வந்தது; அதே காலத்தில் மற்றை அரசாங்க மருத்துவக் கல்லூரிகளில் அது 14,000 ரூபாய்க்கு உட்பட்டதாகவே இருந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மாணாக்கர் கிளர்ச்சி செய்து பல வாரங்கள் அதை நடத்தியபின், 2021ஆம் ஆண்டில் அக்கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டுக் கட்டணமும் மற்றைக் கல்லூரிகளுக்குச் சமமாக்கப்பட்டது. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட ஆண்டுக்கும் கட்டணம் சமமான ஆண்டுக்கும் நடுவே எத்தனை குடும்பங்கள் அந்த வித்தியாசத்தைச் சுமந்தன என்று எண்ணிப் பாருங்கள்! ஆகவே, “இது அரசாங்கத்துடையதா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், “இந்தப் பாடப்பிரிவு அரசாங்க உதவி பெறுவதா, சுயநிதியா? முதலாண்டுக் கட்டணம் எவ்வளவு? இறுதியாண்டு வரையில் மொத்தம் எவ்வளவு?” என்று எழுத்து மூலமாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தரத்தை அறிவது எப்படி?

செலவைக் கணக்கிடலாம், தரத்தை எப்படி அறிவது என்று தாய்மார்கள் கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கத்தார் கல்வி ஸ்தாபனங்களுக்குத் தேசியத் தரவரிசை வெளியிட்டு வருகிறார்கள். 2024ஆம் ஆண்டில் மாநில அரசாங்கச் சர்வகலாசாலைகளுக்கெனத் தனி வரிசை வகுக்கப்பட்டபோது, அண்ணா பல்கலைக்கழகமே முதலிடம் பெற்றது. 1994ஆம் ஆண்டில் ஏற்பட்ட தேசிய மதிப்பீட்டுக் கழகம் ஸ்தாபனங்களைப் பரிசோதித்து மதிப்பு அளிக்கிறது. நமது பெரியார் பல்கலைக்கழகம் அதனிடம் ‘ஏ பிளஸ் பிளஸ்’ மதிப்பைப் பெற்றது. இவை அறியத்தக்கனவே. ஆனால் தரவரிசையில் ஆராய்ச்சிக்கும் பிறர் கருதும் மதிப்புக்கும் பங்குண்டு. அது ஸ்தாபனம் முழுவதற்கும் போட்ட மதிப்பு. உங்கள் மகள் படிக்கப்போகும் தாவரவியல் வகுப்புக்கோ, உங்கள் மகன் படிக்கப்போகும் கணித வகுப்புக்கோ போட்ட மதிப்பன்று.

பழம்பெருமையும் போதுமான உறுதி ஆகாது. நமது மாகாணத்தின் மூத்த சர்வகலாசாலையாகிய சென்னைச் சர்வகலாசாலையின் வங்கிக் கணக்குகள் 2024ஆம் ஆண்டில் வருமானவரித் துறையாரால் முடக்கப்பட்டு, அது பெரும் பணமுடையில் சிக்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதனால் அங்குள்ள பேராசிரியர்களின் புலமை குறைந்துவிட்டதென்று பொருளல்ல. ஆனால் பணமுடை வந்த இடத்தில் காலியான ஆசிரியர் பதவிகள் நிரம்பத் தாமதமாகும், பரிசோதனைச் சாலைக்குச் சாமான் வரத் தாமதமாகும் என்பதை ஊகித்துக்கொண்டு விசாரிப்பது விவேகம்.

எனவே, எந்தச் சர்வகலாசாலையாயினும், எந்தக் கல்லூரியாயினும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆண்டுக்காண்டு மாறும் தற்காலிக விரிவுரையாளர் எத்தனை பேர்? இரண்டாவது, பரிசோதனைச் சாலையும் நூல்நிலையமும் மாணாக்கர் கைக்கு எட்டுவனவா, பூட்டி வைத்திருப்பனவா? மூன்றாவது, சென்ற ஆண்டுகளில் சேர்ந்தவர்களுள் குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை பேர்? நான்காவது, முடித்தவர்கள் இப்பொழுது என்ன உத்தியோகத்தில், என்ன மேற்படிப்பில் இருக்கிறார்கள்? ஐந்தாவது, தமிழ்வழியில் பயின்று வந்த பிள்ளைக்கு முதலாண்டிலே ஆங்கிலத்திலும் கணிதத்திலும் துணைப்பயிற்சி கொடுப்பார்களா? இவற்றுக்கு விடை அச்சிட்ட விளம்பரத்தில் கிடைக்காது. அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணாக்கரிடம் கிடைக்கும். சேருவதற்கு முன் ஒருநாள் நேரில் சென்று வாருங்கள். ஆட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கும் நாம், பிள்ளையின் மூன்றாண்டை ஒப்படைக்கும் இடத்தைப் பாராமல் ஒப்படைக்கலாமா?

மலைக்கு அப்பால் உள்ள வாசல்கள்

இதுவரை சொன்னதைக் கொண்டு, நம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தும் நாம் எட்டிப் பாராத சில வாசல்களைக் காட்டுகிறேன்.

காப்பியும் மிளகும் ஆரஞ்சும் நம் மலையின் ஜீவனம். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார் என்பர். அன்று முதல் இன்றுவரை அத்தோட்டங்களில் நம்மவர் பெரும்பாலும் உழைப்பாளிகளாகவே இருந்து வருகின்றனர். அந்தப் பயிர்களின் சாஸ்திரத்தைக் கற்பிக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஏற்பட்டது. அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து கோயம்புத்தூர் சுமார் 160 கிலோமீட்டர். நம் பிள்ளைகள் விவசாயப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்பொழுது கவனிக்க வேண்டியது, அப்பல்கலைக்கழகத்தின் சொந்த உறுப்புக் கல்லூரிகள் வேறு, அதனோடு இணைந்த தனியார் கல்லூரிகள் வேறு என்பதே. பட்டம் ஒன்றே, கட்டணமும் ஆராய்ச்சி நிலங்களும் ஒன்றல்ல. உறுப்புக் கல்லூரியில் இடம் கிடைக்குமாயின், தூரத்தைக் காரணமாகச் சொல்லி அதை விட்டுவிடுதல் தகாது.

மற்றொன்று, திருவாரூரில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். இதன் சிறப்பை ஒரு கணக்கால் உணரலாம். நம் மாநில அரசாங்கக் கல்லூரிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய பங்கு நூற்றுக்கு 1. மத்திய ஸ்தாபனங்களிலோ நூற்றுக்கு 7½. நாற்பது பேர் சேரும் வகுப்பொன்றில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஒரு முழு இடமும் தேறாது. ஏழரை என்றால் மூன்று இடம் தேறும். ஆனால் அங்கே சேருவதற்கு 2022ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுப் பரீட்சை நடைபெறுகிறது. அதற்கான விண்ணப்பக் காலம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருமுன்னரே கழிந்துவிடுகிறது. விழா முடியட்டும், முடிவு வரட்டும் என்று காத்திருப்பவனுக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும். பழங்குடியினர் கல்வியையே நோக்கமாகக்கொண்டு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டகத்தில் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகமும் உண்டு. ஆனால் அது பாஷையாலும் பிரயாணத்தாலும் நமக்கு மிகத் தூரம். மனவுறுதியும் ஆங்கிலப் பழக்கமும் உடைய பிள்ளைக்கே அதை நான் சொல்லுவேன்.

வெளியூர் செல்லும் பிள்ளைக்கு ஒரு முன்னெச்சரிக்கை. நமது சமூகத்தின் பெயர் மலையாளி என்றிருப்பதால், நம்மை அறியாத அதிகாரிகள் கேரளத்தார் என்று எண்ணிக்கொள்வதுண்டு. ஜாதிச் சான்றிதழ் ஒன்றே அதற்கு மறுமொழி. பழங்குடியினருக்கு அச்சான்றிதழை அளிப்பவர் தாசில்தார் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும். ஆகையால் பதினோராம் வகுப்பிலேயே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சான்றிதழ் கையில் இல்லாமையால் இடம் தவறிப்போனால், அந்த நஷ்டத்தை எந்த உதவித்தொகையும் ஈடுசெய்யாது.

பெண்மக்களைக் குறித்து

தாய்மார்களே! இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்கு ரசியாமலிருக்கலாம். ஆண்பிள்ளைக்கு எந்த ஊர் என்று ஆலோசிக்கிறோம். பெண்பிள்ளைக்கு எது பக்கம் என்று மட்டுமே ஆலோசிக்கிறோம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 80. பழங்குடியினருள் அது 54. தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியது, 3½ லட்சத்துக்கு மேற்பட்ட நமது சமூகமே. ஆகவே இந்தக் குறைவின் பெரும்பங்கு நம்மைச் சார்ந்தது. பெண்ணின் படிப்பைத் தூரத்தைக் காட்டித் தடுத்தால், இந்த இடைவெளி அடுத்த தலைமுறையிலும் மூடப்போவதில்லை.

அச்சம் நியாயமானதே, அதை நான் ஏளனம் செய்யவில்லை. அறியாத ஊரில் பெண்ணை விடத் தாய்மனம் கூசாமலிராது. ஆனால் தினந்தோறும் இருட்டு முன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பிரயாணம் பாதுகாப்பானதா, காவலாளும் மேற்பார்வையாளரும் உள்ள கல்லூரிப் பெண்கள் விடுதி பாதுகாப்பானதா? நேரில் சென்று விடுதியைப் பார்த்து, மேற்பார்வையாளரோடு பேசி, அங்கிருக்கும் மற்றைப் பெண்களைக் கேட்டு, அதன்பின் முடிவு செய்யுங்கள். மனம் ஒப்பவில்லையானால் வேண்டாமென்று சொல்லுங்கள். பாராமலே வேண்டாமென்று சொல்லாதீர்கள். நம் முன்னோர் மூவர் காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்டு, மூத்தவர் இந்தச் சேர்வராயன் மலையிலும், மற்றவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்று நம் பெரியோர் வழிவழியாகக் கதை சொல்லி வருகின்றனர். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கோயம்புத்தூரும் திருவாரூரும் தூரமாகிவிடுமா?

அதேசமயம், எல்லாப் பிள்ளைகளையும் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமென்பது என் கொள்கையன்று. உடல்நலம் குன்றிய பிள்ளை, வீட்டில் பிணியாளரைப் பேண வேண்டிய பிள்ளை, தனிமையைத் தாங்காத பிள்ளை, இவர்களுக்குச் சேலமே தக்க இடம். பட்டப் படிப்பை அருகில் நன்றாக முடித்து, மேற்பட்டத்துக்கு வெளியே செல்வதும் நல்ல வழியே. முதலில் அருகில், பிறகு தூரம் என்னும் அந்த வழியில், செலவும் குறையும், பிள்ளைக்கு முதிர்ச்சியும் வரும். பிள்ளையின் இயல்பறிந்து தீர்மானிக்க வேண்டுமேயன்றி, அடுத்த வீட்டார் செய்ததைக் கண்டு தீர்மானிக்கலாகாது.

கடன் வாங்கிச் சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அரசாங்க இடம் கிடைத்து, அதன் விடுதிச் செலவுக்காகச் சிறு கடன் வாங்குவது வேறு. அரசாங்க இடத்துக்கு விண்ணப்பமே செய்யாமல், தரகர் சொல்லைக் கேட்டுத் தோட்டத்தை அடகு வைப்பது வேறு. முன்னது பிள்ளையின் முதற் சம்பளங்களில் தீரும். பின்னது தீராமல் நிலத்தையே கொண்டுபோகவும் கூடும். விண்ணப்பத்துக்கு ஆகும் சில நூறு ரூபாய்க்கு மனம் கணக்குப் பார்த்து, லட்சக்கணக்கில் கையெழுத்திடுவது எந்த நியாயம்?

சங்கம் செய்யத்தக்கவை

இறுதியாக, சங்கத்தாருக்கு என் விண்ணப்பங்கள் மூன்று. ஒன்று, நம் சங்க நிதியிலிருந்து கட்டணத்துக்கு உதவி செய்வதைக் காட்டிலும், உதவித்தொகை கைக்கு வரும்வரை முதல் நான்கைந்து மாத உணவுச் செலவுக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்து, தொகை வந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே பணம் ஆண்டுதோறும் சுழன்று பல பிள்ளைகளைக் காக்கும். இரண்டு, சேலத்திலும் வெளியூர்களிலும் அரசாங்கக் கல்லூரிகளில் இப்பொழுது படித்துவரும் நம் பிள்ளைகளின் ஜாபிதா ஒன்றைச் சங்கத்தில் வைத்து, புதிதாகச் சேருகிறவர் அவர்களை விசாரித்தறியும்படி செய்ய வேண்டும். மூன்று, ஒவ்வொரு தை மாதத்திலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒருநாள் கூட்டி, எந்தெந்த விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் என்று எடுத்துரைக்க வேண்டும். வைகாசி விழாவில் பேசுவது காலங்கடந்த பேச்சு. இவ்வாண்டு அதற்கு வேறு வழியில்லை, அடுத்த ஆண்டுக்காவது வழி செய்வோம்.

வாலிப நண்பர்களே! உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்கத் தெரியாத கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பெயரைக் கண்டு மயங்காதீர்கள். இலவசம் என்பதைக் கண்டு இகழாதீர்கள். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலை உங்களுக்குப் பிச்சையிடும் இடமன்று. அதில் உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் கடமையும் உண்டு. சேர்ந்தபின் அதை முடித்து வெளிவருவதே அந்தக் கடமை.

 சேர்வராயப் பெருமானுடைய திருவருளால், இவ்வாண்டு மலையிறங்கும் பிள்ளைகள் எல்லோரும் பட்டத்தோடு மலையேறுவார்களாக என்று பிரார்த்தித்து, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறேன்.